பதினாறு மாதக் குழுவும் மன்னார்குடிக் குழுவும்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, கோத் ராக் என்ற இருண்ட சாயல் கொண்ட ராக் இசைக்குக் குழு ஒன்றைத் தொடங்கினார்களாம். எட்டு மாதம் நடந்தது. சொந்தப் பாட்டு ஆறு. மேடை மூன்று: இரண்டு கல்லூரி விழாக்கள், ஒரு கோயில் திருவிழா. திருவிழாவில் மூன்றாவது பாட்டிலேயே இறங்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு பாடகர் வேலைக்காகச் சென்னைக்குப் போனார், பாஸ் கிதார் வாசித்தவர் பெங்களூருக்குப் போனார், குழு முடிந்தது. "ஒழுங்கான ரெக்கார்டிங் எதுவும் கையில் இல்லை" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விகள் இவை. சதர்ன் டெத் கல்ட் என்ற ஆங்கிலக் குழு ஒன்றரை வருடம்கூட நிற்கவில்லை. அதை நாற்பது வருடம் கழித்தும் பேசுகிறார்களே, எப்படி? டெல்டாவில் இந்த இசைக்கு இடம் உண்டா, இல்லையா? அதே பெயரில் சென்னையில் புதுக் குழு தொடங்கப் போவதாகப் பாடகர் சொல்கிறார், விட்டுக்கொடுப்பதா?

எனக்கு இதில் இருக்கும் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஒலி மிக்சரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். இங்கிலாந்து இசை எனக்குக் கேசட்டில் வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. உங்கள் குழு எட்டு மாதத்தில் கலைந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, தம்பி. ரெக்கார்டிங் இல்லை என்ற அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல அந்த ஆங்கிலக் குழுவின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிராட்ஃபோர்டு என்பது இங்கிலாந்தின் வடக்கே, மேற்கு யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட 1950, 60களில் பாகிஸ்தானிலிருந்து, அதிலும் மிர்ப்பூர் பக்கத்திலிருந்து, குடும்பம் குடும்பமாக அங்கே போய்க் குடியேறினார்கள். 1980 வாக்கில் ஆலைகள் மூடத் தொடங்கியிருந்தன. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் கணக்கு 30 லட்சத்தைத் தாண்டியது. இதற்கிடையில் 1981 ஜூலையில், இனவெறிக் கும்பல் ஒன்று ஊருக்குள் வரப்போகிறது என்ற பேச்சு பரவ, பெட்ரோல் குண்டு தயாரித்து வைத்ததாக ஆசிய இளைஞர்கள் 12 பேரைப் போலீஸ் கைது செய்தது. எங்கள் தெருவை நாங்கள் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தோம் என்று நீதிமன்றத்தில் வாதாடி மறு வருடம் விடுதலையானார்கள். கைது நடந்து மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், அதே ஊரில் சதர்ன் டெத் கல்ட் முதல் முறையாக மேடை ஏறியது.

பாடகர் இயன் ஆஸ்ட்பரிக்கு அப்போது 19 வயது. இளம் வயதில் சில காலம் கனடாவில் வளர்ந்தவர். அங்கே பூர்வகுடி மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் கண்டு அதிலேயே மனம் தோய்ந்தவர். கிதார் டேவிட் பரோஸ், பஸ் என்று கூப்பிடுவார்கள். பாஸ் கிதார் பாரி ஜெப்சன். டிரம்ஸ் அக்கி நவாஸ், பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன். குழுவின் பெயரில் இருக்கும் 'டெத்' என்பதைப் பார்த்துவிட்டு ஏதோ பிசாசு வழிபாடு என்று நினைக்க வேண்டாம். மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் பெரிய மண்மேடுகளை எழுப்பி வாழ்ந்த பழங்குடி மக்களின் சடங்கு மரபுக்குத் தொல்லியல் அறிஞர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர்தான் சதர்ன் டெத் கல்ட்.

1982 முழுக்க ஊர் ஊராக வாசித்தார்கள். அந்த வருடக் கடைசியில் பவ்ஹவுஸ் என்ற பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. டிசம்பரில் சிச்சுவேஷன் டூ என்ற சிறிய வெளியீட்டு நிறுவனம் அவர்களுடைய ஒரே இசைத்தட்டைக் கொண்டுவந்தது. 'மோயா', 'ஃபேட்மேன்', இன்னொன்று, ஆக மூன்று பாட்டு. 1983 பிப்ரவரியில் லண்டன் இசை வார இதழ் ஒன்று, பங்க் என்ற வேகமான முரட்டு ராக் இசைக்குப் பின் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது என்று எழுதி, அதில் இவர்கள் பெயரையும் சேர்த்தது. அதே மாதம் மான்செஸ்டரில் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டுக் குழு கலைந்தது. பத்திரிகைக்காரர்கள் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்கும்போது அந்தக் கூட்டம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டிருக்கும். இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

ஆக மொத்தம் பதினாறு மாதம், ஒரு தட்டு. இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. குழு கலைந்த பிறகு, 1983இலேயே, பெகர்ஸ் பாங்க்வெட் நிறுவனம் ஒரு நீண்ட தட்டு போட்டது. அதற்குப் புதிதாக எதையும் பதிவு செய்ய முடியாது, ஆள் இல்லை. இருந்ததைத்தான் திரட்டினார்கள். முன்பு தட்டில் வந்த மூன்று பாட்டு, பிபிசி வானொலிக்காக வாசித்தவை, மேடையில் வாசித்தவை. அந்த மேடைப் பதிவுகளில் ஒன்று, கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரில் பிடித்தது. யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அந்தக் குழுவைப் பற்றி நீங்களும் நானும் பேசிக்கொண்டிருப்பதில் அந்தப் பெயர் தெரியாத ஆளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிபிசி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜான் பீல் என்ற ஒலிபரப்பாளர் அங்கே இரவு நேரத்தில் புதிய குழுக்களை வாசிக்க வைப்பார். குழு காலையில் லண்டன் ஸ்டூடியோவுக்கு வர வேண்டும், பெரும்பாலும் நான்கு பாட்டு, ஒரே நாளில் பதிவும் மிக்சிங்கும் முடிந்துவிடும். ஒரு வாத்தியத்தை நாள்கணக்கில் திருப்பித் திருப்பி வாசித்து மெருகேற்றும் ஆடம்பரம் கிடையாது. இளம் குழுக்களுக்கு அது பெரிய வரம். தட்டு போடக் காசில்லாத குழுவுக்கும் நல்ல மைக்கில், நல்ல அறையில் ஒரு பதிவு கிடைத்துவிடும். நம் பக்கம் திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதமே வந்துவிட்டது. டெல்டாவின் நாயனமும் தவிலும் வீடு வீடாகப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சினிமா சாராத மெல்லிசைப் பாடல்களும் வானொலியில் வந்திருக்கின்றன. ஆனால் அங்கே கலைஞருக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரிப்பார்கள். நேற்று முளைத்து நாளை உதிரப் போகிற நான்கு பையன்களைப் பிடித்து வைப்பது அதன் முதன்மையான வேலையாக இருந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு ஏற்பாடு.

குழு கலைவது நம் வட்டாரத்தில் செய்தியே அல்ல. மெல்லிசைக் குழுவில் கைதட்டு வாங்குகிற பாடகர் இரண்டு சீசன் பார்ப்பார். மூன்றாவது சீசனுக்குக் கீபோர்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு தனிக் குழு தொடங்கிவிடுவார். நோட்டீசில் பெயர் மாறும், வாசிக்கிற கை மாறாது. மேளத்திலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் செட்டு கூடிப் பிரியும். இதில் யாரும் துக்கம் கொண்டாடுவதில்லை. ஆனால் கர்நாடகக் கச்சேரியை ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் பிடித்து வைத்துப் பேரன் காலம் வரை காப்பாற்றிய ரசிகர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். மெல்லிசைக் குழுவை அப்படி யாரும் பிடித்து வைக்கவில்லை. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நாங்கள் வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. அசல் இசைத்தட்டு கடையில் கிடைக்கும்போது நகலை எவர் பிடித்து வைப்பார்? எவ்வளவோ பிரமாதமான கைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒரு கிளாரினெட்காரர் இருந்தார், இடையிசையை அசலைவிட நன்றாக வாசிப்பார். அவர் வாசித்தது இன்று ஒரு விநாடிகூட எங்கும் இல்லை. நீங்கள் ஆறு சொந்தப் பாட்டு வைத்திருந்தீர்கள். அதனால்தான் ரெக்கார்டிங் இல்லை என்ற வரி உறுத்துகிறது என்றேன்.

இனி இடம் உண்டா என்ற கேள்வி. அதற்கு முன், கோத் ராக் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சில வரிகள். 1970களின் கடைசியில் பங்க் இசையின் வேகம் அடங்கிய இடத்தில் இது பிறந்தது. மான்செஸ்டர் பக்கத்து ஜாய் டிவிஷன், நார்தாம்ப்டன் ஊரின் பவ்ஹவுஸ் போன்ற குழுக்கள் வழியைக் காட்டின. 1979இல் வந்த பவ்ஹவுஸின் முதல் தட்டில் முதன்மைப் பாட்டு மட்டுமே ஒன்பது நிமிடத்துக்கு மேல். 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற கிளப் திறந்த பிறகு உடையும் ஒப்பனையும் சேர்ந்து ஒரு கூட்டமாகத் திரண்டது. அந்தக் கூட்டத்துக்கு வவ்வால் ஒரு சின்னம். வவ்வாலை அவ்வளவு காதலிப்பவர்களை நம் பழைய கோயில்களின் பிராகாரத்தில் ஒரு மாலை நேரம் நிறுத்திவைத்தால் அந்த வாடைக்கே காதல் தெளிந்துவிடும்.

இசையின் கட்டுமானம் இப்படி. வழக்கமான ராக் இசையில் கிதார் முன்னால் நிற்கும், பாஸ் கிதார் அஸ்திவாரம் போல அடியில் கிடக்கும். இங்கே பாஸ் கிதார்தான் மெட்டை இழுத்துக்கொண்டு போகிறது. கிதார் கோரஸ், ஃபிளாஞ்சர், எக்கோ என்று ஒலியை மாற்றும் கருவிகளின் வழியே கரைந்து, ஒரு மூட்டமாகப் பின்னால் பரவுகிறது. டிரம்ஸில் தாளத் தட்டுகளின் சலசலப்பைக் குறைத்து, டாம் என்ற கனத்த மேளங்களை, குறிப்பாகத் தரையில் நிற்கும் பெரிய டாமை, திரும்பத் திரும்ப அறைகிறார்கள். மேலே கனத்த குரல். சதர்ன் டெத் கல்ட் கேட்டால் முதலில் காதில் விழுவது அக்கி நவாஸின் டாம்தான். மற்ற மூன்று பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நகரமான லீட்ஸில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற குழு இதற்கு நேர் எதிராக, டிரம்ஸுக்கு ஆளே வேண்டாம் என்று ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் வைத்தது. மேளக்காரர் இல்லாத சின்னக் கோயில்களில் மோட்டார் போட்ட மின்சார மேளம் தீபாராதனைக்கு அடிப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதுவும் புதிதில்லை. எனக்குப் பிடித்தது பிராட்ஃபோர்டின் கைதான்.

உங்கள் டிரம்மர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் தவில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த சொத்து, சரியாகப் பயன்படுத்தினால். நீடாமங்கலம் உங்களுக்குப் பக்கத்து ஊர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர். தவிலின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலாமரக் கட்டையின் ஒரு பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலை, மறுபக்கம் பூவரசங் குச்சியால் அடிக்கும் தொப்பி. வலந்தலை வெடிக்கும், தொப்பி உறுமும். மைக்கே இல்லாமல் நான்கு வீதிக்கும் கேட்கும். தவில் படித்த கை டிரம்ஸுக்கு வந்தால் வலந்தலைப் பழக்கத்தில் ஒவ்வொரு இடைவெளியையும் தாளச் சொற்கட்டால் நிரப்பிவிடத் துடிக்கும். தனி ஆவர்த்தனத்தில் அது அழகு. இந்த இசையில் அது பாட்டைக் கொன்றுவிடும். இங்கே வேண்டியது தொப்பி வேலை. நான்கு அடி, அதே நான்கு அடி, பாட்டு முடியும் வரை காலப்பிரமாணம் நழுவாமல். கேட்க எளிது, பத்து நிமிடம் அதையே வாசித்துக்கொண்டிருக்கத் தவில்காரரின் தோளும் நிதானமும் வேண்டும். முத்தாய்ப்பு ஒன்று கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மனிதர் பாவம்.

திருவிழாவில் உங்களை இறக்கிவிட்ட கதைக்கு வருகிறேன். ஊர் மக்களுக்கு ரசனை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. அன்றைக்கு அவர்கள் உங்கள் பாட்டைக் கேட்கவே இல்லை, கேட்க முடிந்திருக்காது. நீங்கள் சொல்வதிலிருந்து, மேடையில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர், மற்றபடி வீதி நெடுகக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்கும் நாயனத்துக்கும் என்றே பிறந்தது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது விநாடிக்கு 300 அதிர்வுக்குக் குறைந்த தடித்த ஒலிகளில், அது ஊமை. பாஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். மெல்லிய கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போனாலும் 196தான். அதாவது உங்கள் மெட்டைச் சுமந்த வாத்தியத்தின் அடிநாதம் முழுவதும் குழாய்க்குள்ளேயே செத்துவிட்டது. பெரிய டாமின் அடியும் அப்படியே. மிஞ்சியது கிதார் மூட்டமும் குரலும்.

அதோடு விடவில்லை. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் உங்களிடம் வர ஏறக்குறைய 0.3 விநாடி பிடிக்கும். உங்கள் கிதாரிஸ்ட் எக்கோ பெடலில் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருக்கும். பெடலின் எக்கோவை வீதி இன்னொரு முறை எக்கோ செய்தால் வார்த்தை எது, வாத்தியம் எது என்று நின்றவர்களுக்குப் பிரிந்திருக்காது. எக்கோவை வெட்கமில்லாமல் கூட்டச் சொல்லும் உள்ளூர்ப் பாடகர்களோடு நான் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். திறந்த வெளியில் எக்கோ என்பது மைக் செட்காரர் இனாமாகக் கொடுப்பது, காசு கொடுத்து வாங்கக் கூடாது. அந்த மேடையில் பெடலை அணைத்துவிட்டு, பாஸை மேல் கம்பிகளில் வாசித்து, பாட்டைப் பாதி வேகத்தில் பாடியிருந்தால் ஒருவேளை நின்று கேட்டிருப்பார்கள். ஒருவேளைதான். துண்டுச் சீட்டில் சினிமாப் பாட்டு எழுதி அனுப்புகிற கூட்டத்துக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது, வரி கொடுத்தவர்கள் அவர்கள்.

எனவே இடம் உண்டு, ஆனால் திருவிழா மேடை அதற்கான இடம் அல்ல. சுவரும் கூரையும் உள்ள சின்ன இடம் வேண்டும். இங்கிலாந்தில் இந்த இசை வளர்ந்ததே நெரிசலான கிளப் அறைகளில்தான். கல்லூரி விழாக்களில் உங்களுக்கு நல்ல வரவேற்பு கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். அதற்குப் பையன்களின் ரசனை மட்டும் காரணமல்ல, அது மூடிய அரங்கம்.

அந்நிய இசை இந்த மண்ணில் வேர்பிடிக்காது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய வாத்தியங்களோடு பேண்டு வைத்திருந்தார். திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர், சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரப் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டு சுவரங்கள் என்று இன்றும் குழந்தைகள் படிக்கின்றன. இங்கிலாந்து அரச வாழ்த்து மெட்டுக்கூட அதில் உண்டு. சாட்சாத் தீட்சிதரே செய்த காரியத்தை மன்னார்குடியில் நான்கு பேர் செய்யக் கூடாதா?

உடையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் கருப்புச் சட்டை போட்டதற்கு ஊர் முறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முறைத்திருக்க வாய்ப்பில்லை. டெல்டாவில் கருப்புச் சட்டைக்குப் பெரியார் கட்சி, கருப்பு வேட்டிக்குச் சபரிமலை, இரண்டில் ஒன்றில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கண்ணுக்கு இட்ட மையைத்தான் பார்த்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அது கன்னத்துக்கு இறங்கியிருக்கும்.

பாட்டின் பொருளைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் உண்டு. நீங்கள் அனுப்பிய வரிகளில் பனி மூடிய கல்லறைத் தோட்டம் வருகிறது. மன்னார்குடியில் பனி மார்கழியில் பத்து நாள், அதுவும் எட்டு மணிக்குப் போய்விடும். இருட்டுதான் வேண்டுமென்றால் உங்களைச் சுற்றியே கிடக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், நின்ற தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத கிராமங்களின் இரவு எப்படி இருந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்காத வருடங்களில் வாய்க்கால் எப்படிக் கிடக்கும் என்றும் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மண் இது. இவற்றைப் பற்றி எழுதுங்கள் என்று கட்டளை போடவில்லை. இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு யார்க்‌ஷயர் பனியை இரவல் வாங்க வேண்டாம் என்கிறேன்.

சாவு மேளத்தைப் பாட்டில் சேர்க்கலாமா என்ற உங்கள் யோசனைக்கும் இதே இடத்தில் பதில். பறை அபாரமான வாத்தியம்; டாமின் வேலையை அது இன்னும் உக்கிரமாகச் செய்யும். ஆனால் ஒரு சாதியைச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய வரலாறு அதன் பின்னால் இருக்கிறது. அந்த வேலையை மறுத்ததற்காக அடிவாங்கியவர்களும் இருக்கிறார்கள். இன்று அதையே விடுதலையின் இசையாக எடுத்து வாசிக்கிறார்கள். அதைப் 'பயங்கரமாக இருக்கும்' என்பதற்காக மட்டும் மேடையில் தொங்கவிட்டால் அசிங்கம். பறை வாசிப்பவர் ஒருவர் உங்கள் குழுவில் ஐந்தாவது ஆளாக, பாட்டு அமைப்பதிலும் பங்காளியாக வந்தால் விஷயமே வேறு. பிராட்ஃபோர்டு குழுவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. ஆஸ்ட்பரி அமெரிக்கப் பழங்குடிகளின் துயரத்தையும் கோலத்தையும் எடுத்துக்கொண்டார். அவருடைய ஈடுபாடு உண்மையானதுதான், ஆனாலும் இரவல். பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த அக்கி நவாஸுக்குச் சொந்தத் துயரமும் சொந்தக் கோபமும் தெருவிலேயே இருந்தன. அவர் அதைப் பின்னாளில் எடுத்தார். 1988இல் நேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். 1991இல் ஃபன்-டா-மென்டல் குழுவை அமைத்து, பிரிட்டனில் வாழும் ஆசியரின் குரலில் இனவெறிக்கு எதிராகப் பாடினார். ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் என்ற குழுவின் முதல் ஆல்பம் 1995இல் வந்ததும் நேஷன் வழியாகத்தான். என் கணக்கில் சதர்ன் டெத் கல்ட்டின் உண்மையான தொடர்ச்சி இதுதான். அதிகம் பேசப்படுவதோ வேறு தொடர்ச்சி.

அந்த வேறு தொடர்ச்சிதான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதிலும். குழு கலைந்த சில மாதத்தில் ஆஸ்ட்பரி, பில்லி டஃபி என்ற கிதாரிஸ்ட்டோடு சேர்ந்து டெத் கல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். 'சதர்ன்' போய்விட்டது. 1984 ஜனவரியில் 'டெத்'தும் போய் வெறும் 'தி கல்ட்' ஆனது. மறு வருடம் உலகப் புகழ். மற்ற மூன்று பேரும் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடவில்லை. கெட்டிங் தி ஃபியர் என்று வேறு குழு கண்டு, 1984இல் ஒரு தட்டு போட்டார்கள். அது ஓடவில்லை. பெயரை வைத்துக்கொண்டிருந்தாலும் ஓடியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே பெயரைப் பாடகருக்கு விட்டுவிடுங்கள். எட்டு மாதப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு ஒன்றும் ஏறியிருக்காது, நட்புக்கு இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். பெயர் கைமாறுவதற்கு முன் நான்கு பேரும் ஒரு நாள் கூடி ஆறு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பாட்டின் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுத் தேதி இட வேண்டும். கல்லூரி விழாவில் நண்பர்கள் போனில் பிடித்தவற்றையும் இப்போதே கேட்டு வாங்கி ஓரிடத்தில் சேருங்கள். போன் மாற்றும்போது அழிப்பது அதைத்தான்.

நாளும் இடமும் நானே சொல்கிறேன். சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் பொங்கலுக்கு எப்படியும் ஊருக்கு வருவார்கள். போகிக்கு முந்தைய நாளைப் பிடியுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். கல் தரை, வெறும் சுவர், உயரமான கூரை. கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சபிக்கிற அந்த எதிரொலிதான் உங்களுக்கு வேண்டியது. டிரம்ஸை மேடையில் வைக்காமல் ஹாலின் நடுவில் தரையில் வையுங்கள். டாமுக்குப் பக்கத்தில் ஒரு மைக், இருபதடி தள்ளி இன்னொன்று. பாஸ் கிதாருக்கு ஸ்பீக்கரே வேண்டாம், நேரடியாக மிக்சருக்கு வயரைக் கொடுங்கள். பாடகரைச் சமையற்கட்டில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டால் டிரம்ஸ் அவர் மைக்கில் ஏறாது. பாட்டுக்கு மூன்று முறைக்கு மேல் வாசிக்காதீர்கள், அதற்கு மேல் கை களைத்துவிடும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்பு என்பதை மட்டும் முன்பணம் கொடுக்கும்போதே மண்டபக்காரரிடம் பேசிவிடுங்கள்.